11 மணிப் பசியும் ராத்திரி தட்டுவடை செட்டும்: பசியைக் கிளப்புவது எது, அடக்குவது எது?

கேள்வி சுருக்கமாக: சேலம் அம்மாபேட்டைக்காரர், வயது 40, ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. காலை 8 மணிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. 11 மணிக்கெல்லாம் வயிறு கத்த ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தாலும் சேலத்துத் தெருக்கடைத் தீனியான தட்டுவடை செட் கடையைத் தாண்ட முடிவதில்லை. ஏற்காட்டுக்குப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பசி. அம்மாவுக்கு சுகர், மாத்திரை போடுகிறார், அவருக்கும் 11 மணி வாக்கில் பசி வந்து கை நடுங்குகிறது. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா, இல்லை இரைப்பை பெரிதாகிவிட்டதா?"

இந்த நாலு பசிக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக "வாயைக் கட்டு" என்று சொல்வதால்தான் எதுவும் சரியாவதில்லை. முதலில் அம்மா விஷயம், அதுதான் அவசரம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை; ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். 70-க்குக் கீழே போனால் உடம்பு நரம்புகளை உசுப்பி, அட்ரினலினையும் அவிழ்த்துவிடும். திடீர்ப் பசி, வியர்வை, படபடப்பு, நடுக்கம் எல்லாம் இவற்றின் வேலை. இதைச் சாதாரணப் பசி என்று நினைத்து, சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று உட்காரக் கூடாது. குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லி. முதலிலேயே பால், சாக்லேட், பிஸ்கட் என்று கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ஏறுவதும் தாமதமாகும்.

ஒரு சங்கதியைப் பலரும் கவனிப்பதில்லை. மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரை சரிவராது. அந்த மருந்துகள் சீனியைக் குடலில் உடைய விடாமல் பிடித்து வைப்பவை. குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு முறை இப்படி ஆனாலே மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை 250, 300 என்று இருக்கும்போதும் பசிக்கும் என்பதால் மீட்டரில் பார்க்காமல் இனிப்பைக் கொடுத்துப் பழகவும் கூடாது.

இனி உங்கள் 11 மணிப் பசி.

இரைப்பை பெரிதாகிவிட்டதா என்ற பயம் வேண்டாம். காலியாக இருக்கும்போது அது சுருங்கிக் கிடக்கும், 100 மில்லி கூடக் கொள்ளாது. சாப்பிடச் சாப்பிட அதன் மேல்பகுதி தானாகத் தளர்ந்து ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை இடம் கொடுக்கும். எப்போதும் அள்ளிச் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தளர்ச்சி கொஞ்சம் தாராளமாக இருக்கும். சில வாரம் அளவாகச் சாப்பிட்டால் குறைந்தும்விடும்.

வயிறு கத்துவதும் பசியும் ஒன்றே என்று நினைப்பதும் பாதிதான் உண்மை. 1912-ல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு பலூனை விழுங்கவைத்து, இரைப்பை சுருங்கும் நேரமும் பசிக்கும் நேரமும் ஒத்துப்போவதைக் காட்டினார். அதனால் இரைப்பைச் சுருக்கமே பசி என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆனால் இரைப்பையையே அறுவை செய்து எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறது. அந்தச் சத்தம் துப்புரவு வேலையின் சத்தம். சாப்பாடு இறங்கி முடிந்ததும், 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு முறை இரைப்பையிலிருந்து சிறுகுடல் வழியாக ஓர் அலை ஓடி மிச்சமீதியைக் கீழே தள்ளும். உள்ளே காற்றும் நீரும் மட்டும் இருப்பதால் சத்தம் கேட்கிறது. பத்து, பதினைந்து நிமிடத்தில் அதுவே ஓய்ந்துவிடும்.

பசி அடங்குவது மூன்று கட்டமாக நடக்கிறது. சாப்பிடும்போது இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது. இதில் கலோரிக் கணக்கு கிடையாது, கொள்ளளவு மட்டும்தான். ரசமும் கீரையும் சேர்ந்த சாப்பாடு கொஞ்சத்திலேயே நிறைவு தருவது இதனால். அடுத்து, கூழாகிய உணவு முன்சிறுகுடலுக்குள் வடியும்போது அங்கே சிசிகே என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதைத் தூண்டுபவை புரதமும் கொழுப்பும். மாவுச்சத்துக்கு அது அவ்வளவாக அசையாது. சிசிகே இரைப்பையின் வாயிலை இறுக்கிப் பிடித்து, "போதும், மெதுவாக அனுப்பு" என்கிறது. கடைசியில் சிறுகுடலின் அடிப்பகுதியிலும் பெருங்குடலிலும் இருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டும் சுரந்து, இரண்டு மூன்று மணி நேரம் பசியை எழவிடாமல் வைக்கின்றன. முதல் கட்டம் உடனே வரும். மற்ற இரண்டும் வந்து சேரக் கால் மணி, அரை மணி ஆகும். ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவர் முதல் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். அல்லது அந்தச் செய்தி போதாமல் இன்னும் இரண்டு போட்டுக்கொள்கிறார்.

உங்கள் நாலு இட்லியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஓர் இட்லி சுமார் 60, 65 கிலோகலோரி, புரதம் 2 கிராம். நாலுக்கு 250 கிலோகலோரி, 8 கிராம் புரதம். சட்னியோடு 320, 350 என்று வையுங்கள். இரைப்பை சிறுகுடலுக்கு அனுப்பும் வேகம் ஏறக்குறைய நிமிடத்துக்கு 2 முதல் 3 கிலோகலோரி. அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வெந்த இட்லியை இரைப்பை அரைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக 8 மணிக்குச் சாப்பிட்டது 10:15, 10:30-க்கு ஏறக்குறைய இறங்கிவிடும். துப்புரவு அலை ஆரம்பிக்கும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மாவுச்சத்து வேகமாகச் சர்க்கரையை ஏற்றினால் இன்சுலினும் அதே வேகத்தில் ஏறும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் சிலருக்குச் சர்க்கரை ஆரம்ப அளவுக்கும் கொஞ்சம் கீழே சறுக்கும். ஆபத்தான அளவுக்கு இல்லை, பசியைத் தூண்டும் அளவுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொடர் குளுக்கோஸ் மானி மாட்டி ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள்: இந்தச் சறுக்கல் பெரிதாக இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் அரை மணி நேரம் முன்னதாகவே அடுத்த சாப்பாட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது, 11 மணி டீ. இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கும் கிரெலின்தான் ரத்தத்தில் சுற்றிப் பசியைக் கிளப்பும் ஹார்மோன். 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்தது. இரைப்பை காலியாக இருந்தால் மட்டும் அது சுரப்பதில்லை. வழக்கமான நேரத்தைக் கற்றுக்கொண்டு அதற்கு முன்பே ஏறிவிடும். ஆரோக்கியமானவர்களை 33 மணி நேரம் உண்ணாமல் வைத்து அளந்தபோதும் வழக்கமான சாப்பாட்டு வேளைகளில் கிரெலின் ஏறியது. எதுவும் சாப்பிடாமலே தானாக இறங்கியது. கடையில் 11 மணிக்கு டீயும் போண்டாவும் வரும் என்றால் உங்கள் கிரெலின் 10:45-க்கே தயாராக நிற்கும்.

காலியான இரைப்பை, சர்க்கரைச் சறுக்கல், பழக்க நேரம் மூன்றும் 11 மணிக்கு ஒன்றாகக் கூடுகின்றன. மனக்கட்டுப்பாட்டை இதில் இழுக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது காலைத் தட்டில்தான். நாலு இட்லியை மூன்றாக்குங்கள். சட்னி மட்டும் என்பதை மாற்றி, ஆளுக்கு 30 கிராம் துவரம்பருப்பு (அளக்கத் தராசு இல்லாவிட்டால் குவித்த இரண்டு மேசைக்கரண்டி) போட்ட கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம். அதில் 6, 7 கிராம் புரதம். கூடவே ஒரு முட்டை, அல்லது 30 கிராம் கொண்டைக்கடலையையோ கொள்ளையோ ஊறவைத்து அவித்த சுண்டல்; இன்னொரு 6 கிராம். மொத்தம் 18, 20 கிராம் ஆகிவிடும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். அதில் மூன்றில் ஒன்றைக் காலையிலேயே முடித்துவிடுகிறீர்கள். சுண்டலையும் சாம்பார்க் காயையும் முதலில் சாப்பிட்டு, பிறகு இட்லிக்கு வாருங்கள். காயும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கால் மணி நேரம் கழித்து என்று சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த 2015-ம் ஆண்டின் ஒரு சிறு ஆய்வில், ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. 11 பேரிடம் மட்டும் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் செலவில்லாத காரியம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

11 மணி டீயை நிறுத்த வேண்டியதில்லை. போண்டாவுக்குப் பதில் ஒரு கைப்பிடி, 25 கிராம் வறுத்த நிலக்கடலை. டீயில் சர்க்கரை அரை ஸ்பூன். நேரத்தை இரண்டு நாளைக்கு ஒரு முறை பத்து நிமிடம் தள்ளுங்கள். ஓரிரு வாரத்தில் கிரெலின் புது நேரத்துக்கு வந்துவிடும். முதல் மூன்று நாள் கத்தத்தான் செய்யும். அந்த அலை தானாக இறங்கும் என்று தெரிந்தால் காத்திருக்க முடியும்.

இதில் நம்மூர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. மரவள்ளியும் ஜவ்வரிசியும் சேலத்தின் பிழைப்பு, மறுக்க முடியாது. ஆனால் ஜவ்வரிசி கிட்டத்தட்ட சுத்தமான ஸ்டார்ச். 100 கிராமில் புரதம் ஒரு கிராம் கூட இல்லை. விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்பவர்கள் அதில் நிலக்கடலையைத் தாராளமாகப் போட வேண்டும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வேண்டும். கேழ்வரகு என்றாலே பசி தாங்கும் என்பதும் அரை உண்மை. களியாகக் கிண்டி, கொள்ளுக் கடைசலோ கறிக்குழம்போ கீரையோ சேர்த்துச் சாப்பிட்டால் தாங்கும். நைசாக அரைத்த மாவைக் கரைத்து வெல்லம் போட்டுக் குடித்தால் அது இன்னொரு சர்க்கரைத் தண்ணீர். மாம்பழமும் அப்படித்தான். ஒரு மல்கோவாவை நறுக்கி மென்று சாப்பிட்டால் மூளை அதைச் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கும். ஜூஸாக அடித்துக் குடித்தால் அதே சர்க்கரை, ஆனால் அடுத்த வேளைச் சோற்றில் ஒரு கவளம் கூடக் குறையாது. திரவமாகப் போகும் கலோரியை உடம்பு சரியாக ஈடுகட்டுவதில்லை என்பது பலமுறை சோதிக்கப்பட்டது.

இப்போது தட்டுவடை செட். இது பசியே இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வயிறு நிறைய இருக்கும்போது வருவது வேறு பாதை. ஒரு செட்டைக் கவனித்துப் பாருங்கள். மொறுமொறுவென்ற இரண்டு சின்னத் தட்டைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரு பக்கம் பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் பூண்டு மிளகாய்ச் சட்னி, மேலே எலுமிச்சை. எண்ணெய், உப்பு, புளிப்பு, காரம், லேசான இனிப்பு, மொறுமொறுப்பு எல்லாம் ஒரே கடியில். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மீது மட்டும் ஆசை குறையும். வேறு சுவை வந்தால் ஆசை புதிதாக எழும். விருந்தில் "ஒரு வாய் கூட முடியாது" என்றவர் பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்குவது இதனால்தான். தட்டுவடை செட் முடியும் முன்பே தட்டையை நொறுக்கிக் கலக்கும் நொறுக்கல், அதற்குப் பின் முட்டை செட் என்று கடைக்காரர் சுவையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆசை தணிய வாய்ப்பே கிடைப்பதில்லை.

நேரமும் எதிராக நிற்கிறது. வெளிச்சம், தூக்கம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் மாற்றிவைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்ததில் (2013), உடம்பின் உள்கடிகாரப்படி பசி மிகக் குறைவாக இருப்பது காலை 8 மணி வாக்கில், உச்சத்துக்குப் போவது இரவு 8 மணி வாக்கில். காலையில் சாப்பிடப் பிடிக்காமல் ராத்திரி வெளுத்துக்கட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள இழுப்பு. தீபாவளி நேரத்தில் கடை மூட 11 மணி ஆகி, நாலு மணி நேரம் மட்டும் தூங்குகிறீர்கள் என்றால் இன்னும் மோசம். இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமே தூங்கவிட்ட 2004-ம் ஆண்டு ஆய்வில் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. இனிப்பு, உப்பு நொறுக்குத் தீனி, மாவுப் பண்டம் மீது ஆசை கூடியது.

செட் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. சேலத்தில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமும் இல்லை. சாப்பிட்ட பிறகு கூடுதலாகப் போகாமல், வாரம் இரண்டு நாள் சாயங்காலம் 6 மணிக்கு, ஒரே வகையில் ஒரு செட் என்று வையுங்கள். அன்று ராத்திரி இரண்டு தோசை குறைத்து ஒரு முட்டையோ பருப்போ கூட்டுங்கள். மற்ற நாளில் கடை வாசலில் ஆசை வந்தால் ஒரு கேள்வி போதும்: இப்போது பழைய சோறும் மோரும் கொடுத்தால் சாப்பிடுவேனா? ஆமாம் என்றால் ராத்திரிச் சாப்பாடு போதவில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். இல்லை என்றால் பத்து நிமிடம் நடந்தால் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கக் கிளம்ப வேண்டாம். உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது லெப்டின். 1994-ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் இறங்கும். மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். அப்படியானால் குண்டானவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டால் சரியாகுமே என்று முயன்று பார்த்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே லெப்டின் அதிகம், மூளைதான் காதில் வாங்குவதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத அபூர்வமான சில குழந்தைகளுக்கு மட்டும் அது பெரிய அளவில் பலித்தது. கடும் டயட்டில் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வாரம் அரை கிலோவுக்கு மேல் குறையாமல் போவதுதான் கட்டுப்படியாகும்.

ஏற்காட்டுப் பசிக்குப் பெரிய மர்மம் இல்லை. உயரத்தால் பசி கூடுகிறது என்பார்கள். உண்மையில் மிக உயரமான மலைகளில், 3000, 4000 மீட்டருக்கு மேல், பசி மந்தமாகத்தான் ஆகும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர், அந்த விளைவுக்கு அது போதாது. கீழே 38 டிகிரியில் உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறுகிறது. சாப்பிட்டால் செரிமானமும் சூட்டைக் கிளப்பும் என்பதால் வெயிலில் பசி மங்கும். 20 கொண்டை ஊசி ஏறி மேலே போனால் ஏழெட்டு டிகிரி குறைவு. அந்தத் தடை நீங்குகிறது. ஏரிக்கரை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று நாள் முழுக்க ஏற்ற இறக்கத்தில் நடக்கிறீர்கள். வழியெல்லாம் மிளகாய் பஜ்ஜி வாசம். கூடவே வேளை கெட்ட சாப்பாடு. காலையில் விடுதியை விட்டுக் கிளம்பும் முன் அவித்த முட்டை, சுண்டல், கொஞ்சம் பேரிக்காய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பசி மாதிரி வேஷம் போடுபவை சிலவும் உண்டு. மேல்வயிற்றில் கிள்ளுவது போல வலித்து, ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுப்பி, ஒரு டம்ளர் பால் குடித்தால் அடங்கினால் அது முன்சிறுகுடல் புண்ணாக இருக்கலாம். வலி மாத்திரை அடிக்கடி போடுபவர்களுக்கு அதிகம் வரும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்து, தாகமும் சிறுநீரும் கூடினால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள். எடை குறைவோடு படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை, மனநலத்துக்குத் தரும் ஓலான்சபின், மிர்டாசபின் போன்ற மருந்துகளும் பசியைக் கிளப்பும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். இதற்கு நேரெதிராக, நாலு வாய்க்குள் வயிறு நிறைந்து, எடையும் குறைந்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, பசியை அடக்கி எடை குறைக்கும் ஊசி, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான் வரும். உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாக உடைந்துபோகும். செமாகுளூடைடு அதன் நகல். பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும்படி செய்யப்பட்டது. அதனால்தான் வாரம் ஒரு ஊசி. டிர்செபடைடு அதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. பசி நன்றாகவே அடங்குகிறது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் முதல் சில வாரம் இருக்கும். அளவை மாதக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செமாகுளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அம்மாவுக்கு இதை ஆரம்பித்தால், அவர் கிளிமிபிரைடு வகை மாத்திரை போடுகிறார் என்றால், அதன் அளவை அதே நாளில் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அந்த 11 மணி நடுக்கம் இன்னும் கூடும்.